மாமன் மடித்த இலை

என் நோய்க்குக் காரணம் கூச்சம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். கொழுப்பு என்றுதான் எழுதுவார். ஆனால் அந்தக் கொழுப்பு எந்த வழியாக உள்ளே வந்தது என்று அவர் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். கூச்சம்.

மதுரையில் எனக்கு வாழை இலை வியாபாரம். முகூர்த்த நாளில் விடியும் முன்பே மண்டபங்களுக்கு இலைக்கட்டுகளைக் கொண்டுபோய் இறக்குவேன். இலை கொண்டுவந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்பினால் பந்தியில் சாப்பாடு பற்றாமல் போய்விடும் என்று சமையல்காரர்களுக்குள் ஒரு நம்பிக்கை. அதனால் கட்டை இறக்கியதும், "அண்ணே, ஒரு வாய் வச்சுட்டுப் போங்க" என்பார்கள். அந்த ஒரு வாய் என்பது நெய் மிதக்கும் பொங்கல், இரண்டு வடை, கேசரி. முகூர்த்தம் நெருக்கமாக விழுந்தால் மண்டபத்துக்கு ஒரு வாய் வீதம் ஒரே காலையில் மூன்று முறை சாப்பிடுவேன். 'வேண்டாம்' என்று சொல்ல எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டேன். அந்தச் சொல்லை ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்களோ என்னவோ.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வைகாசி முகூர்த்தத்தன்று, அன்றைய மூன்றாவது பொங்கலுக்குப் பிறகு, கை கழுவும் தொட்டியருகில் என் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவதுபோல் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சமையல்காரர் வந்து பார்த்தார்.

"கேஸுண்ணே. வெறும் வயிறா இருக்கும். இந்தாங்க, சூடா ஒரு வடை தின்னுங்க."

வாங்கித் தின்றேன். வேண்டாம் என்று அப்போதும் சொல்லவில்லை. அந்த வடை பாதியில் இருக்கும்போதுதான் கீழே உட்கார்ந்தேன். பிறகு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டர் என்னைவிட இருபது வயது இளையவர். வேண்டிய குழாய்களையெல்லாம் மாட்டிப் பார்த்துவிட்டு, என்னிடம் சொல்லாமல் என் மனைவியிடம் சொன்னார். "ரத்தக்குழாயில ஒரு இடத்துல அடைப்பு இருக்கும்மா. இப்பவே அறுக்க வேண்டாம். மாத்திரை, நடை, வாய்க்கட்டு. ஆறு மாசம் பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா நெஞ்சைத் திறந்துற வேண்டியதுதான்."

பலாப்பழத்தைத் திறப்பதுபோல் சொன்னார். எனக்கு ஊசி என்றாலே கண் இருட்டும்.

"மனசையும் லேசா வச்சுக்கணும். சாருக்கு ஏதாவது பொழுதுபோக்கு இருக்கா?"

"சாப்பிடறதுதான் சார்" என்றாள் என் மனைவி.

வீட்டுக்கு வந்ததும் அவள் போட்ட முதல் உத்தரவு, விஷயம் வெளியே போகக்கூடாது, மண்டபத்தில் கேட்டால் கேஸ் என்றே சொல்லவேண்டும். "ஊருக்குத் தெரிஞ்சா ஆளுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலத் தூக்கிக்கிட்டு வந்துருவாங்க. வந்தவங்களுக்கு நான் காப்பி போட்டே செத்துருவேன். அப்புறம் நீங்க பொழைச்சு என்ன செய்ய?" பேரையூர்ப் பக்கம் வாக்கப்பட்டிருந்த என் தங்கைக்குக்கூடச் சொல்லவில்லை. அவள் அழ ஆரம்பித்தால் நிறுத்துவதற்கு ஆள் வேண்டும்.

நடையில் ஆரம்பித்தேன். கோச்சடையில் எங்கள் வீட்டிலிருந்து வைகைக் கரை பக்கம். மணலும் சீமைக் கருவேலமும் பார்த்துக்கொண்டு போகலாம். ஆறு என்று சொல்வதால் ஆறு. வேட்டிக்கு அடியில் வெள்ளை கான்வாஸ் ஷூ. முதல் நாளே டீக்கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

"என்னண்ணே, யாரு தவறிட்டாங்க? இம்புட்டு வேகமாப் போறீங்க?"

எங்கள் பக்கம் காலையில் ஒருவன் வேகமாக நடந்தால் சாவு வீட்டுக்குப் போகிறான், அல்லது பஸ்ஸை விட்டுவிட்டான். மூன்றாவது காரணம் யாருக்கும் தெரியாது. பஸ்ஸை விட்டுவிட்டேன் என்று நினைத்தவர்கள் வண்டியை நிறுத்தி, "ஏறுங்கண்ணே" என்றார்கள். நடக்கத்தான் வந்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ஏறிக்கொண்டேன். பால்காரர் போகிற இடம்வரை போவேன், இறங்கி அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு அங்கிருந்து திரும்பி நடப்பேன். முதல் வாரம் நான் நடந்ததற்கும் பின்சீட்டில் போனதற்கும் கணக்கு சரியாக இருந்தது. ஆனாலும் டாக்டர் நடக்கத்தான் சொன்னார், இரண்டு பக்கமும் நடக்கச் சொல்லவில்லை.

இந்தப் பரிதாபத்தைப் பார்த்துத்தான் எங்கள் தெருச் சேலை வியாபாரி என்னைப் பிடித்துக்கொண்டார். சௌராஷ்டிரக்காரர். என்னைவிடப் பெரிய தொந்தி, என்னைவிடப் பெரிய குரல். "தனியா நடந்தா அப்படித்தான் அண்ணே. கூட்டத்தோட நடந்தா எவனும் லிப்ட் குடுக்க மாட்டான்" என்று ஒரு கல்லூரி மைதானத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே மதுரையின் சர்க்கரையும் கொழுப்பும் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. சுற்றி முடித்ததும் எல்லோரும் நேராக எதிரிலிருந்த கடைக்குப் போய் ஆளுக்கு இரண்டு உளுந்த வடை சாப்பிட்டார்கள். கரைத்ததைக் கடையிலேயே திரும்ப வாங்கிக்கொள்ளும் வசதி.

"ஒண்ணாவது எடுங்கண்ணே" என்று தட்டை நீட்டினார் சேலைக்காரர்.

நான் வடையை வாங்கி, அவர் திரும்பியபோது நாய்க்குப் போட்டேன். அந்த நாய் மறுநாளிலிருந்து எங்களோடு மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தது. எங்கள் எல்லோரிலும் அதற்குத்தான் நடை அவசியமாக இருந்தது.

அடுத்தது சிரிப்பு. மைதானத்தின் மூலையில் ஒரு சங்கம். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் நடுவில் நின்று கையைத் தூக்கினால் எல்லோரும் சிரிக்கவேண்டும். காரணம் கேட்கக்கூடாது. எனக்கு நகைச்சுவைக்கே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துத்தான் பழக்கம். நான் பொத்திக்கொண்டு நின்றதைப் பார்த்து அவர், "சார், வாயைத் திறங்க! கவலைய வெளிய விடுங்க!" என்று அதட்டினார். திறந்தேன். வந்த சத்தத்தைக் கேட்டு முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் அன்றைக்கு உண்மையிலேயே சிரித்தார்கள். சங்கத்துக்கு நான் செய்த சேவை அது ஒன்றுதான்.

பிறகு யோகாசனம். நெஞ்சு வலித்து நான் கீழே உட்கார்ந்த அதே மண்டபத்தில், முகூர்த்தம் இல்லாத நாட்களில் வகுப்பு. கண்ணை மூடிப் பிணம்போலப் படுக்கச் சொல்லி, 'எண்ணங்களை விலக்குங்கள்' என்றார் ஆசிரியர். எனக்கு எண்ணங்கள் ஏதும் இல்லை. பின்கட்டிலிருந்து பழைய சாம்பார் வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது. அதை விலக்கும் ஆசனத்தை அவர் சொல்லித்தரவில்லை. பக்கத்தில் சேலைக்காரர் குறட்டை விட்டார். ஆசிரியர் அவரைக் காட்டி, "பாருங்க, இதுதான் முழு ஓய்வு" என்றார். அந்தப் பாராட்டோடு சேலைக்காரர் யோகாவில் கற்கவேண்டியதைக் கற்று முடித்து நின்றுவிட்டார்.

நானும் அவரும் கடைசியாகச் சேர்ந்தது சிலம்பத்தில். உடம்பும் இளைக்கும், வீரமும் வரும் என்றார். வீரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கேட்க நினைத்தேன். மூன்றாவது நாள் வீட்டு மொட்டைமாடியில் பழகிப் பார்த்தேன். கம்பு தலைக்குமேல் ஒரு சுற்று நன்றாகவே போனது. இரண்டாவது சுற்றில் டிவி ஆன்டெனா முறிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், படம் ஓடிக்கொண்டிருந்த நேரம். கீழே வீடு முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள். மாடிப்படி ஏறி வந்த என் மனைவி ஆன்டெனாவைப் பார்த்தாள், கம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நெஞ்சு எப்படியிருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அது ஒண்ணுதான் இந்த வீட்ல நல்லா இருக்கு."

அதன்பின் அந்தக் கம்பு கொடிக்கம்பாகி, என் வேட்டிகளையே காயப்போட உதவியது. சேலைக்காரர் மீன்தொட்டி வாங்கிக்கொண்டு வீட்டோடு ஒதுங்கினார். நான் மட்டும் பழையபடி நடந்தேன். வேறொன்றும் மிச்சமில்லை என்பதால் அது பழகிவிட்டது. வைகைக் கரையில் வண்டிக்காரர்களும் ஓய்ந்துபோய் நிறுத்துவதை விட்டுவிட்டார்கள். "அண்ணனுக்கு என்னமோ வேண்டுதல்" என்று டீக்கடையில் முடிவாகியிருந்தது. நான் மறுக்கவில்லை.

வாய்க்கட்டுக்கும் ஒரு வழி கிடைத்தது. மண்டபத்தில் உட்காரச் சொன்னால் உட்காருவேன். ஒரு இட்லி வாங்குவேன். பொங்கல் வாளி வருவதற்குள் இலையை என் பக்கம் மடித்துவிடுவேன். மடித்த இலையில் எவரும் பரிமாறமாட்டார். நான் வாயால் சொல்லத் தவித்ததை இலை ஒரு மடிப்பில் சொல்லிவிட்டது. இத்தனை வருஷம் அதை விற்றுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இடுப்பு வேட்டி தளர்ந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது. ஆறு மாதம் முடிந்து டாக்டரிடம் போகவேண்டிய வாரத்துக்கு முந்தைய வாரம், தங்கை வீட்டிலிருந்து பத்திரிகை வந்தது. கல்யாணமாகி வெகுநாள் கழித்து அவளுக்குப் பிறந்த மகளுக்குக் காதுகுத்து. குலசாமி கோயிலில் கிடா வெட்டு. நான் ஒரே தாய்மாமன்.

"அங்க போயி ஒரு கறித்துண்டு கூடுதலாத் தின்னீங்க, அடுத்த வாரம் நெஞ்சத் தொறக்கப் போறது நீங்க மட்டுந்தான். நான் வரமாட்டேன்" என்றாள் என் மனைவி. நான் தலையாட்டினேன். எனக்கும் அந்தப் பயம்தான் ராத்திரி பகலாக. அந்த ஊரில் 'போதும்' என்று சொன்னால் இன்னும் இரண்டு கரண்டி வைக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள்.

பேரையூர்ப் பக்கம் கண்ணுக்கு எட்டியவரை கரிசல். கோயில் ஊருக்கு வெளியே. மேளம் முன்னே போக, தட்டுத் தட்டாகச் சீர் வரிசையோடு நாங்கள் நடந்தோம். கிடா, பட்டுப்பாவாடை, தோடு, பழம், இவற்றோடு பந்திக்கு வேண்டிய இலை முழுவதையும் என் சீராகக் கொண்டுபோயிருந்தேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டேன். ஊசி இறங்கியதும் அவள் என் சட்டையைப் பிடித்துக் கதறினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என்னைப் பார்த்தவர்கள் மாமனுக்கு எவ்வளவு பாசம் என்று சொன்னார்கள். ஊசியைப் பார்க்காமல் இருக்கத்தான் மூடினேன்.

பிறகு பந்தி. தாய்மாமனுக்கு முதல் இடம், நுனி இலை. மாமன் கைவைத்த பிறகுதான் மற்றவர்கள் கைவைப்பார்கள். நான் உட்கார்ந்தேன். எனக்கு எதிரே என் மனைவி பெண்கள் வரிசையில் உட்கார்ந்து என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு, குழம்பு, சுக்கா, ஈரல், குடல், ரத்தப் பொரியல். மண்டபத்துப் பொங்கலெல்லாம் இதன் முன்னால் மருந்து. இரண்டு வாய் சோறும் கொஞ்சம் குழம்பும் சாப்பிட்டேன். அதற்குள் தங்கையின் புருஷன் ஒரு பெரிய வாளியோடு கிளம்பிவிட்டார். மாமனுக்கு என்று தனியாக எடுத்துவைத்த நல்லி எலும்பு. அவர் என்னை நோக்கி வருவதைப் பார்த்தேன். என் மனைவியைப் பார்த்தேன். நெஞ்சைத் திறக்கப்போகும் டாக்டரை நினைத்தேன்.

இலையை மடித்துவிட்டேன்.

மண்டபத்தில் நான் ஒற்றை ஆளாகச் சமையல்கட்டில் உட்கார்ந்து மடிப்பவன். இங்கே முதல் இலை என்னுடையது என்பது அந்த ஒரு நிமிஷம் மறந்துபோனது. மாமன் மடித்தால் பந்தி முடிந்தது. முடிவதற்கு முன் மாமன் மடித்தால் மாமனுக்குக் குறை. என் பக்கத்தில் இருந்தவர் என் இலையைப் பார்த்துவிட்டுத் தன் இலையை மடித்தார். அவருக்கு அடுத்தவர் மடித்தார். வரிசை முழுக்க ஒவ்வொன்றாக மடிந்துகொண்டே போனது. கடைசியில் ஒரு பெரியவர் வாயிலிருந்த எலும்பை எடுத்து, அதை ஒருமுறை பார்த்து, இலையில் வைத்து மூடினார். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. மேளக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள்.

"மச்சான்" என்றார் வாளியோடு நின்ற மாப்பிள்ளை. "மரியாதையில என்ன குறை வச்சேன்? எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க."

அவருடைய பங்காளி ஒருவர் எழுந்தார். "மாமனுக்குன்னு எடுத்த கறி வந்து சேர்றதுக்குள்ள இலைய மடிச்சா என்னய்யா அர்த்தம்? நாங்க என்ன கேவலமாவா போட்டோம்?"

தங்கை ஓடிவந்தாள். "அண்ணே, என்ன தப்பு நடந்துச்சுண்ணே? எம்மேலயா கோவம்?" அழ ஆரம்பித்துவிட்டாள். காது குத்திய பிள்ளை அடங்கியிருந்தது, தாய் அழுவதைப் பார்த்து அதுவும் சேர்ந்துகொண்டது.

நான் என் வாழ்நாளில் இத்தனை பேர் முன்னால் பேசியதில்லை. சிரிப்புச் சங்கத்தில்கூட இதில் பாதிப் பேர்தான். என் மனைவியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். 'சொல்லித் தொலையுங்கள்' என்று அதற்கு அர்த்தம்.

"குறை ஒண்ணும் இல்ல மாப்ள" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. "எனக்கு நெஞ்சுவலி!" என்றேன், கொஞ்சம் சத்தமாக.

அடுத்த கணம் நான் தரையில் படுத்திருந்தேன். நானாகப் படுக்கவில்லை, நாலைந்து பேர் படுக்கவைத்தார்கள். ஒருவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். ஒருவர் மடித்த இலையை எடுத்து விசிறினார், என்மேல் குழம்பு சொட்டியது. "சோடா கொண்டாங்கடா!" "கார எடு!" "எந்திரிக்க விடாதீங்க!"

"இப்ப இல்லப்பா!" என்று கத்தினேன். அவ்வளவு பெரிய சத்தம் எனக்குள் இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. "ஆறு மாசத்துக்கு முந்தி! கறி சாப்பிடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வேணாம்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அதான் மடிச்சேன்."

என்னைத் தூக்கி உட்காரவைத்தார்கள். பிறகு எல்லோரும் பேசினார்கள். மருதம்பட்டை, பூண்டு, இஞ்சிச் சாறு, காலையில் வெந்நீர். அந்தப் பந்தியில் என்னைத் தவிர எல்லோரும் டாக்டர். எலும்பை வைத்து மூடிய பெரியவர் மட்டும் கிட்டே வந்து, "மாத்திரை போட்டுக்கிட்டுத் தின்னா ஒண்ணும் செய்யாதுப்பா. நான் அப்படித்தான்" என்று காதோடு சொன்னார். தங்கை அழுகையை நிறுத்திவிட்டு, "எனக்குச் சொல்லலையே மதினி" என்று என் மனைவியிடம் சண்டையைத் தொடங்கினாள்.

பந்தியை மறுபடி வைக்கவேண்டும். மடித்த இலையை விரிக்க முடியாது, புது இலை வேண்டும். அடுத்த பந்திகளுக்கு என்று இருந்ததை எடுத்தால் கடைசிப் பந்திக்குப் பற்றாது. இலை வியாபாரி சீராக இலை கொண்டுவந்த காதுகுத்தில் இலைப் பஞ்சம். அந்த வெட்கத்தில் நான் எழுந்துவிட்டேன். வயல்களுக்கு அப்பால் பம்புசெட் கிணற்றை ஒட்டி ஒரு வாழைத் தோட்டம் தெரிந்தது.

"நான் போயி அறுத்துட்டு வாரேன்."

"நெஞ்சுவலிக்காரரு நீங்க எங்க போறீங்க மச்சான்? உக்காருங்க" என்றார் மாப்பிள்ளை.

"நான் தினமும் நடக்கிறவன் மாப்ள."

வரப்பு வழியில் வண்டி போகாது. என்னைத் தனியாக விடப் பயந்து அவரும் கூடவே வந்தார். எனக்கு இரண்டு வயது இளையவர், என்னைவிடக் கட்டுமஸ்தானவர் என்று ஊருக்கே எண்ணம். பாதி வரப்பில் அவருடைய பேச்சு குறைந்தது. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மோட்டார்க் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை கழுவும் தொட்டியருகில் நான் நின்ற அதே நிலை. தோட்டக்காரரிடம் சொல்லி இலை அறுத்துக் கட்டித் தலையில் வைத்தேன்.

"எப்படி மச்சான் மூச்சே வாங்காம நிக்கிறீங்க?"

"முதல் வாரம் பால்காரர் வண்டில போனேன் மாப்ள. அதுக்கப்புறம் நடந்தேன்."

அவருக்குப் புரியவில்லை. திரும்பும்போது கட்டோடு நான் முன்னால் போனேன். அவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டு, நீங்க போங்க என்று கையைக் காட்டினார். நெஞ்சு ஒரு பிடியும் பிடிக்கவில்லை. அதைக் கவனித்துக்கொண்டேதான் நடந்தேன். நடுவில் ஓரிடத்தில் நின்று கையை வைத்துக்கூடப் பார்த்தேன். ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் டாக்டர் குழாய்களை மாட்டிப் பார்த்துவிட்டு, இப்போதைக்குத் திறக்கவேண்டாம், இப்படியே தொடருங்கள் என்றார். என்ன பொழுதுபோக்கு பிடித்தீர்கள் என்று கேட்டார். "நடக்கிறேன் சார்" என்றேன். அதெல்லாம் பொழுதுபோக்கில் சேராது என்று சிரித்தார். மாப்பிள்ளை அதே மாதம் மதுரைக்கு வந்து என் ஷூ எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்துப் போனார். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் கொண்டுவந்திருந்தார். அந்த மாதம் அது பதினோராவதோ என்னவோ. என் மனைவி காப்பி போட்டாள்.

செய்தி மண்டபங்களுக்கும் போய்விட்டது. தை முகூர்த்தத்தில் முதல் மண்டபத்தில் கட்டை இறக்கியதும் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். அன்று மனைவியிடம் அனுமதி வாங்கியிருந்தேன்: ஒரே ஒரு வடை. சமையல்காரர் வடைத் தட்டோடு வந்தார். பக்கத்தில் இருந்த காய்கறிக்காரருக்கு இரண்டு வைத்தார். என்னைத் தாண்டி லாரி டிரைவருக்கு இரண்டு வைத்தார்.

"அண்ணனுக்கு மோர் குடுங்கப்பா, உப்பில்லாம" என்றார் உள்ளே பார்த்து.

எனக்கு ஒன்று வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். காய்கறிக்காரரும் டிரைவரும் என்னைப் பார்த்தார்கள்.

மோரைக் குடித்துவிட்டு அடுத்த மண்டபத்துக்கு நடந்தேன்.